வாயில் வெள்ளி அடைப்பு, வயிற்றில் பிள்ளை

என் நாத்தனார் கேரளத்துப் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவள். களியக்காவிளை தாண்டினால் பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனால் பயம் மட்டும் அவளுக்கு இரண்டு மாநிலத்திலிருந்தும் வரும். மலையாள வாட்ஸப் ஒரு பக்கம், தமிழ் யூடியூப் ஒரு பக்கம். இப்போது ஐந்தாம் மாசம். போன ஞாயிற்றுக்கிழமை குழித்துறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, வாயைத் திறந்து காட்டினாள்.

“மைனி, இந்த ரெண்டு வெள்ளிப் பல்லையும் தோண்டி எடுத்துரட்டா? இது வாயில இருந்தா பிள்ளைக்கு மூளை வளராதுன்னு ஒரு வீடியோவுல சொல்லுகான்.”

மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கீழ்க்கடைவாயில் இரண்டு அடைப்புகள். பழைய பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசிய மாதிரி மங்கலான சாம்பல் நிறம், ஓரத்தில் முடியளவு ஒரு கறுப்புக் கோடு. பன்னிரண்டு வயதில் அடைத்தது. இப்போது அவளுக்கு இருபத்தொன்பது. அடைப்பு அசையவில்லை, உடையவில்லை. ஆனால் அதற்கு அடுத்த பல்லில் ஒரு புதுச் சொத்தை இருந்தது. அதில் கிழங்கு நார் சிக்கியிருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நான் பல் டாக்டர் இல்லை, பள்ளியில் வேதியியல் எடுப்பவள். பாதரசத்தின் குணம் எனக்குத் தெரியும். யார் பல்லில் எப்போது கைவைப்பது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது.

வெள்ளி அடைப்பு, சில்வர் ஃபில்லிங் என்று சொல்கிறோமே, அதில் வெள்ளியைவிடப் பாதரசம்தான் அதிகம். எடையில் ஏறக்குறையச் சரிபாதி பாதரசம். மீதிப் பாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு சேர்ந்த பொடி. பாடப்புத்தகத்தில் இதன் பெயர் இரசக்கலவை. டாக்டர்கள் அமால்கம் என்பார்கள். பொடியோடு பாதரசம் சேர்ந்ததும் குழைந்து களிம்பாகும். பல் குழியில் அழுத்திவிட்டால் சில நிமிடத்தில் இறுகத் தொடங்கி, ஒரு நாளில் கல்லாகிவிடும். விலை குறைவு, எச்சில் ஈரத்துக்குக் கலங்காது, பத்துப் பதினைந்து வருடம் அலட்டாமல் நிற்கும். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் உலகமே இதைப் பயன்படுத்தியதற்கு இவைதான் காரணம்.

தொண்ணூறுகளில், நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும்போது, மார்த்தாண்டத்தில் ஒரு பல் கிளினிக்குக்கு அப்பா கூட்டிப்போனார். இப்போது வருகிற மாதிரி அளந்து மூடிய கேப்ஸ்யூல் எல்லாம் அன்று அங்கே கிடையாது. கம்பவுண்டர் அண்ணன் ஒரு சின்னக் கண்ணாடிக் கலுவத்தில் பொடியைக் கொட்டி, குப்பியிலிருந்து பாதரசத்தைச் சொட்டாக விட்டு அரைப்பார். பல் கூசுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். வெண்ணெய் பதம் வந்ததும் துணியில் வைத்து முறுக்கிப் பிழிவார். மிச்சப் பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். அழாமல் உட்கார்ந்ததற்குப் பரிசாக அதில் ஒரு முத்தை என் உள்ளங்கையில் உருட்டிவிட்டார். அந்த வயதுக்கு அது பெரிய சொத்து. வீட்டுக்கு மாத்திரை டப்பாவில் கொண்டுவந்து, அன்றைக்கே மேசைக்கு அடியில் சிந்தி, தரை இடுக்கில் போய்விட்டது. யாரும் தேடவில்லை.

இப்போது நினைத்தால் பகீரென்கிறது. என் கையில் பட்டதற்காக அல்ல. அந்த அண்ணன் நாள் முழுக்க அந்தச் சின்ன அறையில் மூச்சிழுத்ததற்காக.

ஏனென்றால் பாதரசத்தில் கவனிக்க வேண்டியது அதன் ஆவி. கற்பூரத்தை டப்பாவில் மூடாமல் வைத்தால் தானாகக் கரைந்து காற்றோடு போகிறதல்லவா, அதுபோல் பாதரசமும் சாதாரண அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கற்பூரத்துக்காவது மணம் உண்டு. இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூச்சில் போன பாதரச ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். அதே பாதரசத்தை உலோகமாக விழுங்கினால் குடல் அதை ஏற்பதே இல்லை என்று சொல்லலாம். வந்த வழியே மறுநாள் வெளியே போகும். சாப்பிடும்போது அடைப்பில் ஒரு துணுக்கு உடைந்து வயிற்றுக்குள் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

பல்லில் இறுகிய அடைப்பும் ஆவி விடுமா? விடும், மிகக் குறைவாக. நாளொன்றுக்கு மைக்ரோகிராம் கணக்கில். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சூயிங்கம் மென்றால், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால், சூடாகக் குடித்தால் கொஞ்சம் கூடும். எத்தனை அடைப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தும் கூடும். ஆனால் இந்தக் கணக்கில் பெரிய துள்ளல் வருவது இரண்டே நேரத்தில்: புதிதாக அடைக்கும்போது ஒன்று, பழையதைத் தோண்டி எடுக்கும்போது ஒன்று. பல்லைக் குடையும் கருவியின் சுழலும் முனை உராய்கிற சூட்டில் பாதரசம் ஆவியாகவும் தூளாகவும் கிளம்பும். சும்மா இருக்கிற அடைப்பைப் பயந்து தோண்டினால், அடுப்புச் சாம்பலை ஊதிக் கண்ணில் போட்டுக்கொண்ட கதைதான்.

சரி, மூளைக்கு வருவோம்.

சித்த வைத்தியர்களுக்கு ஒரு பழைய ஞானம் உண்டு. ஓடுகிற இரசத்தை, அதாவது பாதரசத்தை, கந்தகத்தைக் கொண்டு கட்டலாம் என்பது. சாதிலிங்கம் என்று சிவப்பாக இருக்கிறதே, அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கூட்டுதான். பாதரசத்துக்குக் கந்தகம் என்றால் அவ்வளவு பிரியம். சிக்கல் என்னவென்றால், நம் உடம்பின் புரதங்களிலும் கந்தகம் இருக்கிறது. இரத்தத்தில் அலையும் பாதரசம் அந்தக் கந்தகத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் அந்தப் புரதம் தன் வேலையைச் சரியாகச் செய்யாது.

கருவில் மூளை எப்படி வளர்கிறது என்று பார்த்தால் இதன் முக்கியத்துவம் புரியும். கரு உண்டாகி 28 நாளுக்குள், பல பெண்களுக்குத் தள்ளிப்போனதே உறுதியாகத் தெரியாத நேரத்தில், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிவிடுகிறது. அதன்பின் நரம்புச் செல்கள் உள்ளே ஓரிடத்தில் பிறந்து, வெளியே தங்கள் இடத்துக்கு ஏறிப்போக வேண்டும். நம் பக்கம் பலாவிலும் முருக்கிலும் நல்லமிளகுக் கொடி பற்றி ஏறுமே, அந்த மாதிரி நீண்ட நார் போன்ற செல்களைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஏறுவதற்கு ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே நுண்குழாய்களால் ஆன ஒரு சாரம் வேண்டும். அந்தச் சாரத்தைக் கட்டுகிற புரதம் கந்தகம் நிறைந்தது. பாதரசம் அதில் போய் ஒட்டினால் சாரம் கலைகிறது. கொடி பாதி மரத்தில் நின்றுவிடும். பெரியவர்கள் மூளை கட்டி முடித்த வீடு, சின்னக் கீறலைத் தாங்கும். கருவின் மூளையோ அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிற வீடு. மூளைக்குக் காவல் நிற்கும் இரத்தத் தடுப்பும் அப்போது முழுதாக உறுதிப்பட்டிருக்காது.

பாதரச ஆவி நஞ்சுக்கொடியைக் கடந்து போகும். மூளைக்குள் போனதும் இரசாயன மாற்றம் அடைந்து, எளிதில் திரும்பி வர முடியாத வடிவம் எடுத்துவிடும். தாயின் வாயில் வெள்ளி அடைப்பு எண்ணிக்கை கூடக்கூட, குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் பாதரசம் கொஞ்சம் கூடுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆகவே நாத்தனார் பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை.

ஆனால் ‘போகிறது’ என்பதும் ‘கெடுக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. இங்கேதான் வீடியோக்காரர்கள் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அவர்கள் காட்டும் கோரமான படங்கள் பெரும்பாலும் ஜப்பானின் மினமாட்டாவைச் சேர்ந்தவை. அங்கே ஒரு தொழிற்சாலையின் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, மீன் தின்ற சனங்களை முடக்கியது. 1956இல் நோய் வெளியே தெரிந்தது. தாய்க்கு லேசான அறிகுறிதான் இருக்கும், அவள் பெற்ற பிள்ளைக்கோ மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கும். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று மருத்துவர்கள் அதுவரை நம்பியிருந்தது அதோடு போயிற்று. ஆனால் அது மீத்தைல் பாதரசம், கார்பனோடு கூடிய பாதரசம். பல் அடைப்பில் உள்ளது உலோகப் பாதரசம். வேதியியலில் இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் குணம் வேறு, அளவும் வேறு. மினமாட்டா படத்தைக் காட்டிப் பல் அடைப்பைப் பேசுவது, நாகப்பாம்பைக் காட்டிச் சாரைப்பாம்பைப் பேசுவது.

பல் அடைப்பையே நேராகச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2006இல் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 534 குழந்தைகள், இன்னொன்று போர்ச்சுகலின் லிஸ்பனில் 507 குழந்தைகள். பாதிப் பேருக்கு வெள்ளி அடைப்பு, பாதிப் பேருக்குப் பாதரசம் இல்லாதது. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று தொடர்ந்து பார்த்ததில் அறிவுத்திறனிலோ நினைவாற்றலிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. நல்ல செய்தி. ஆனால் அந்தக் குழந்தைகள் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்த முடிவை அப்படியே நீட்ட முடியாது. நார்வேயில் ஏறக்குறைய 72,000 கர்ப்பங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. அதில், தாயின் வாயில் அடைப்புகள் கூடக்கூட, பிறப்பையொட்டிய சிசு இறப்பும் கூடுவதாகத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் அது காட்டுகிறது. வாய் நிறைய அடைப்பு உள்ளவர்களுக்கு வேறு உடல்நலக் குறைகளும் இருக்கக்கூடும் என்பதால், பழி முழுவதையும் அடைப்பின் மேல் போட முடியாது.

தெளிவான தீங்கு நிரூபணமாகவில்லை, முழு நிம்மதியும் கிடைக்கவில்லை. அப்படியிருக்க மாற்று வழி கையில் இருக்கும்போது கர்ப்பிணிக்கு ஏன் போடுவானேன் என்ற யோசனை உலகம் முழுக்க வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையில் கர்ப்பிணி, பாலூட்டும் தாய், 15 வயதுக்குக் கீழான பிள்ளைகள் ஆகியோருக்கு இதை நிறுத்தியது. 2025 ஜனவரியில் எல்லோருக்குமே. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையில், கர்ப்பிணிகளோடு கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்களையும், பாலூட்டுபவர்களையும், குறிப்பாக ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகளையும், நரம்பு நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் சேர்த்தது. இவர்களுக்குப் புதிதாக வேண்டாம் என்றது. அதே அறிவுரையில், நல்ல நிலையில் இருக்கிற பழைய அடைப்பைத் தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறது. வாட்ஸப்பில் முதல் பாதி மட்டும்தான் பயணம் செய்கிறது. அந்த ஜப்பானிய ஊரின் பெயராலேயே ஒரு பாதரச உடன்படிக்கை 2013இல் உருவானது. இந்தியா 2018இல் அதை ஏற்று உறுப்பு நாடானது. கர்ப்பிணிகளையும் சிறு பிள்ளைகளையும் விலக்கிவைக்கும் விதி அதில் 2022இல் சேர்ந்தது.

நாத்தனாரின் வாய்க்கே திரும்புவோம். அந்த இரண்டு வெள்ளியும் இருக்கட்டும். என்றைக்காவது ஓரம் உடைந்தாலோ உள்ளே சொத்தை வைத்தாலோ, பிள்ளை பிறந்து பால்குடியும் மறந்தபின் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது ரப்பர் டேம் என்கிற ரப்பர் திரை போட்டு, தண்ணீர் அடித்து, வேகமாக உறிஞ்சும் குழாய் வைத்து, தூளாக்காமல் துண்டாக எடுப்பது நல்லது. பாலில் பாதரசம் வருமே என்று பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அடைப்பிலிருந்து பாலுக்குப் போவது மிகக் குறைவு.

அவசரம் அந்தப் புதுச் சொத்தைக்குத்தான். ‘மாசமாக இருக்கும்போது பல்லில் கைவைக்கக் கூடாது’ என்று எங்கள் மாமி உட்பட எல்லோரும் சொல்வார்கள். அது தவறு. நாலாம் மாசத்திலிருந்து ஆறாம் மாசம் வரை பல் வேலைக்கு வசதியான காலம். மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் மல்லாந்து படுக்க முடியாத அளவுக்கு வந்திருக்காது. வலி, வீக்கம், சீழ் என்றால் எந்த மாசமானாலும் போக வேண்டும். சீழைச் சுமந்துகொண்டு இருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். மரத்துப்போக டாக்டர் போடும் லிக்னோகெய்ன் ஊசி கர்ப்பிணிக்கும் போடக்கூடியது. நாற்காலியில் சாயும்போது இடப்பக்கம் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டால் தலை சுற்றாது.

அடைப்புக்கு, “பாதரசம் இல்லாததா போடுங்க டாக்டர், நான் மாசமா இருக்கேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வயிறு தெரியாத மாசத்தில் நாம் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. ஜிஐசி என்று சுருக்கமாகச் சொல்லும் கண்ணாடிச் சிமென்ட் வகை ஒன்று, பல் நிறத்திலேயே இருக்கும், ஃபுளோரைடும் கசியவிடும், ஆனால் தேய்மானம் அதிகம். இன்னொன்று காம்போசிட், நீல விளக்கு அடித்து இறுக்குவார்களே அது. உறுதியானது, விலை கூடுதல், பல் காய்ந்து இருந்தால்தான் ஒட்டும். எதைப் போடுவது என்பதைக் குழியின் ஆழம் தீர்மானிக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் நாமே மாத்திரை வாங்கிப் போடுவதுதான் இந்த அடைப்பைவிட எனக்குப் பயம். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் பிள்ளையின் பல்லையே கறையாக்கும். இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை ஐந்தாம் மாசத்துக்குப்பின் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அப்புறம் மீன். மாமி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார், “பேறு முடிஞ்சதும் அவளுக்குச் சுறாப் புட்டு வைக்கணும், பால் ஊறும்.” இது நம் ஊர் வழக்கம், கேலி செய்ய மனசில்லை. ஆனால் பாதரசத்தைப் பேசிவிட்டுச் சுறாவைப் பேசாமல் விடமுடியாது. கடலில் சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதை இன்னும் பெரியது தின்னும். ஒவ்வொரு படியிலும் மீத்தைல் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். நம் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் பேர்போனவர்கள். அந்தப் பெரிய சுறா, பெரிய சூரை, பெரிய நெய்மீன் எல்லாம் கர்ப்பிணியும் பாலூட்டுபவளும் தள்ளிவைக்க வேண்டியவை. குட்டிப் பால்சுறாவில் பெரியதைவிடக் குறைவாக இருக்கும். சாளை, நெத்தோலி, அயலை இவை குறுகிய ஆயுள் மீன்கள், பாதரசம் சேர நேரமே இல்லை. பிள்ளையின் மூளை வளர்வதற்கு வேண்டிய கொழுப்பும் இவற்றில்தான் இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று நாள் தாராளமாகச் சாப்பிடலாம். பாதரசத்துக்குப் பயந்து மீனையே விட்டால் பிள்ளைக்குத்தான் நட்டம். பாதரசம், சாதிலிங்கம் சேர்ந்த சூரணமோ செந்தூரமோ யாராவது கொடுத்தால் மட்டும், இந்த ஒன்பது மாசத்தில் என்ன சேர்ந்தது என்று கேட்காமல் வாயில் போட வேண்டாம்.

பேசிக்கொண்டே வந்தபோது இன்னொன்று நினைவு வந்தது. கேரளத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை வந்த 22 நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய். அதில் 15 பேருக்கு அரிதான ஒரே வகை. அந்தப் 15இல் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். இந்த மாதிரிக் கிரீம்களில் பாதரசம் போடுவது, தோலின் நிறமியை அது தடுக்கும் என்பதால். தோல் வழியாக உள்ளே போகும். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்துக் கடைகளைச் சோதனை போட்டது.

“நீ முகத்துக்கு என்ன பூசுத?” என்று கேட்டேன்.

கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பா எடுத்தாள். மூடியில் ஒரு ரோஜாப் படம். தயாரித்தவர் பெயர் இல்லை, என்னென்ன சேர்ந்தது என்று இல்லை, உரிம எண் இல்லை. பாறசாலையில் அவள் நாத்தூன் வளைகுடாவிலிருந்து வந்த யாரிடமோ வாங்கிக் கொடுத்ததாம். மூன்று மாசமாக ராத்திரி ராத்திரி பூசுகிறாளாம். பல்லைத் தோண்டலாமா என்று கேட்க வந்தவளின் பையில் இது இருந்தது. பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன், பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் இதையும் சொல்லி, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இருபது நிமிடத்தில் ஜிஐசி போட்டுவிட்டார். வெள்ளி அடைப்புகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு, விட்டுருங்க” என்றார். டப்பா இப்போது எங்கள் பள்ளி ஆய்வகத்து அலமாரியில், மூடியை டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மாதிரியை யாரிடம் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.